ஏழு சீற் வானும் மூன்று பாலைவனமும்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்பு மகன் இன்பாஸுக்கு வாப்பா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் முழங்காலைத் தவிர இங்கு யாவும் சுகம். அமெரிக்காவில் நீயும் மருமகள் அம்ராவும் முழங்கால் உட்படச் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். போனில் பேசினால் "வாப்பா, ஒரு நிமிஷம்" என்று குறுக்கே வருகிறாய். ஆகவே கடிதம்.

உன் பயணத் திட்டம் கிடைத்தது. உன்னைக் கண்டு ஒன்பது வருடமாகிறது. வா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நீந்தியாவது வந்திருப்பேன். நீயோ பத்து நாள், மூன்று பாலைவனப் பூங்கா, வாடகை வான், ஹோட்டல் கிடையாது, கூடாரம்தான் என்று எழுதி, செலவைக் குறைக்க வழியிருந்தால் சொல்லுங்கள் என்றும் கேட்டிருக்கிறாய். மகன், வானுக்கு ஏழு சீற். நாம் நாலு பேர். மூன்று சீற்றைச் சும்மா விட்டுக்கொண்டு இங்கே கண்டிக்குக்கூட யாரும் போவதில்லை. ஆள் கூடினால் தலைக்குச் செலவு குறையும். ஆகவே சேர்த்துவிட்டேன்.

என்னோடு துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்த சின்னராசா, அவர் மனைவி பாக்கியரத்தினம், உன் தோப்பூர் மாமி நஜ்முன் நிஸா. மாமி பாலைவனம் என்றதும் வழியில் உம்ராவும் செய்யலாமென்று நிய்யத்து வைத்துவிட்டார். மக்கா வேறு பக்கம் ராத்தா என்று உலகப்படத்தை விரித்துக் காட்டினேன். "எல்லாம் ஒரே மணல்தானே தம்பி, கொஞ்சம் சுத்திப் போனா என்ன?" என்கிறார். உம்மா பூங்காக்களின் பெயரைக் கேட்டாள். ஒன்றுக்கு மரணப் பள்ளத்தாக்கு என்று பெயர் என்றேன். "மௌத்து வீட்டுக்கே வரும். காசு குடுத்து அங்க போகோணுமா?" என்று கேட்டுவிட்டு, மூன்று கிலோ கருவாடு வாங்கக் கிளம்பிவிட்டாள்.

கூடாரம் ஒன்றை இரவல் வாங்கி நிலாவெளிக் கடற்கரையில் ஒத்திகை பார்த்தோம். "நான் கட்டின கட்டு, கப்பல் இழுத்தாலும் அவிழாது" என்றார் சின்னராசா. உண்மைதான், கட்டு அவிழவில்லை. காற்று வந்து கூடாரத்தைக் கம்பு, கயிறு, கட்டு எல்லாவற்றோடும் கடலுக்குக் கொண்டுபோனது. உள்ளே இருந்த மாமி பாயில் அப்படியே இருந்தார். மறுநாள் கரைவலைக்காரர் கூடாரத்தை இழுத்துத் தந்தபோது உள்ளே இரண்டு கிலோ சூடை மீன் இருந்தது, அதுவும் செலவில் கழிவுதான். பூங்காவில் நினைத்த இடத்தில் அடுப்பு மூட்ட விடமாட்டார்களாமே, அப்படியானால் புட்டு எங்கே அவிப்பது என்று விசாரித்து எழுது.

மருமகளுக்கு எங்கள் ஸலாம். ஈமானிலும் பெற்றோலிலும் உங்களுக்கு ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காப்பானாக.

இப்படிக்கு,
உன் வாப்பா
அபூதாஹிர்

பி.கு: இதைத் தபாலில் போடுமுன் வீசாவுக்குக் கொழும்பு போய் வந்துவிட்டோம். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். உம்மா "மகனைப் பார்க்க" என்று அழுதாள், சரி என்றார்கள். மற்ற மூவரும் பாலைவனம் பார்க்க என்றார்கள், அதுவும் சரியாம். நான் மட்டும் ஆதியோடந்தமாக, வானுக்கு ஏழு சீற், மூன்றுக்கு நானே ஆள் பிடித்தேன், செலவைத் தலைக்குப் பிரிப்போம் என்று விளக்கினேன். "ஆட்களைக் கொண்டுபோய் விடுவதா உங்கள் தொழில்?" என்று வீசாக் கவுண்டரில் இருந்த பெண் கேட்டார். இப்போதைக்கு இதுதான் என்றேன். நாலு பேருக்கும் கிடைத்தது. எனக்கு இல்லை.

நீ அவர்களைக் கூட்டிக்கொண்டு போ. உம்மாவை வெயிலில் நடக்க விடாதே. என் இடத்துக்குத் தன் மச்சானைச் சேர்த்தால் செலவு குறையும் என்கிறார் சின்னராசா. கணக்குச் சரிதான் மகன். ஆனாலும் அந்த சீற்றில் ஒருத்தரையும் ஏற்றாதே, அது சும்மாவே வரட்டும்.