தோஹாதான் நல்ல ஊர்

"போதும் மதினி, போட்டிக்கு நேரமாச்சு!" என்று தட்டின் மேல் இரண்டு கைகளையும் விரித்தார் முகம்மது சித்தீக். கைகளுக்கு நடுவே இருந்த சந்து அஸ்மத் பீவிக்குப் போதுமானதாக இருந்தது. இன்னோர் அகப்பை பிரியாணி விழுந்தது.

"அக்கா வீட்டுக்கு வந்துட்டு அரை வயித்தோட அனுப்பினேன்னு ரம்ஸியா என்னைப் பேசவா? சாப்பிடுங்க மாப்புள."

"அவளும் மர்ஜானாவும் அப்பவே போயிட்டாங்க. புள்ள ஆடுறது மூணு நிமிஷம்கூட இல்ல மதினி. கண்ணைச் சிமிட்டினா முடிஞ்சிரும்."

"அதான் சொல்றேன், தெம்பா சாப்பிட்டுட்டுப் போய்ப் பாருங்க."

சித்தீக் களைத்த மனிதர். மகள் மர்ஜானாவின் ஃபிகர் ஸ்கேட்டிங் பயிற்சிக்காக, விடியுமுன் சுபுஹு தொழுத கையோடு அஜ்மானிலிருந்து துபாய்க்குக் காரோட்டி, அது முடியும்வரை ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கிடந்து, திரும்பி வந்து கடை திறப்பவர். அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். மகள் போட்டியில் பனித்தளத்தில் சுழன்று ஆடுவதை, உட்கார்ந்து, முழுசாக ஒருமுறை பார்க்க வேண்டும். தொழுதபின் கேட்கும் துஆவில்கூட அதைச் சேர்த்திருந்தார்.

துபாய்ப் போட்டியின்போது, காரில் மறந்த ஹேர்பின்னை எடுத்துவர மனைவி ரம்ஸியா அனுப்பினாள். பார்க்கிங்கில் காரைத் தேடிப் பிடித்துத் திரும்பினால், மகள் கழுத்தில் பதக்கம். அடுத்த முறை தண்ணீர் பாட்டில். மறுபடியும் பதக்கம்.

அபுதாபியில் மட்டும் முன்வரிசையில் இடம் கிடைத்தது. ஆனால் மர்ஜானா சுழன்றபடி எகிறியபோது, பதறி எழுந்து, "பாத்துப் போம்மா! வழுக்கும்!" என்று அரங்கமே திரும்பிப் பார்க்கக் கூவினார். அவள் விழுந்துவிட்டாள். தாம் முன்கூட்டியே சொல்லியிராவிட்டால் அடி இன்னும் பலமாகப் பட்டிருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

இந்த முறை எந்த ஊர்ப் போட்டிக்குப் போவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, "அபுதாபி" என்றார்.

"தோஹாதான் நல்ல ஊரு," என்றாள் ரம்ஸியா. "அக்கா வீடு இருக்கு. மச்சான் வாசல்லயே இறக்கி விடுவாரு, பார்க்கிங் தேட வேணாம். நீங்க பாட்டுக்கு உக்காந்து பாக்கலாம்."

தம் மேல் இவ்வளவு கரிசனமா என்று சித்தீக்குக்குக் கண் கலங்கியது.

பிரியாணித் தட்டை விட்டெழுந்து, கை கழுவிக்கொண்டு கீழே ஓடினால், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் வேலை பார்க்கும் சகலை காதர் மைதீன், நிதானமாகக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யல்லா சகல, கிளம்புங்க!"

"அழுக்குக் காருக்கு ஃபைன் போட்டா நீங்களா கட்டுவீங்க?"

கிளம்பியதும் பெட்ரோல். அப்புறம், கூட வேலை செய்யும் ஈசாவை அவன் ரூமுக்குப் போய் ஏற்றிக்கொண்டார். அப்புறம், அன்றாடம் ஓட்டுகிற ஊரிலேயே காதர் மைதீனுக்கு வழி தப்பியது.

"சகல, இது ஏர்போர்ட் மாதிரி இருக்கே?"

"ரோட்டையெல்லாம் மாத்திட்டானுவ. நேத்து இருந்த ரவுண்டானா இன்னைக்கு மாஃபி, இல்லவே இல்ல!"

ஒருவழியாக மாலுக்குள் இருந்த பனி அரங்கில் போய் உட்கார்ந்தபோது, மர்ஜானாவுக்கு முன்னால் ஒரே ஒரு பெண்தான் பாக்கி. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சாய்ந்தார் சித்தீக். பக்கத்தில் பற்கள் தந்தியடித்தன. மெல்லிய சட்டையோடு ஈசா நடுங்கிக்கொண்டிருந்தான்.

சித்தீக் தம் ஜாக்கெட்டைக் கழற்றி அவனுக்குப் போர்த்தினார். நடுக்கம் கூடியது. கைக்குட்டையை அவன் காதை மூடிக் கட்டினார். இன்னும் கூடியது.

"காக்கா, நெஞ்சை அடைக்குது," என்று முனகினான். அவன் ஊரான கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

காதர் மைதீனைத் தேடினால் ஆளையே காணோம். பனித்தளத்தின் ஓரத்தில் மர்ஜானா வந்து நின்றுவிட்டாள். சித்தீக் மகளைப் பார்த்தார். நடுங்குகிறவனைப் பார்த்தார். பிழைக்க வந்த ஊரில் ஒருவனுக்கு உடம்புக்கு முடியாவிட்டால், பக்கத்தில் இருப்பவன்தானே அவனுக்குத் தாயும் தகப்பனும்?

"எந்திரி தம்பி. புள்ளைய அல்லாஹ் பாத்துக்குவான்," என்று அவனைத் தோளில் தாங்கி வெளியே நடத்தி வந்தார்.

சூடான கரக் டீ வாங்கிக் கொடுத்து, அவன் கைகளைத் தம் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தார். உள்ளே இசை தொடங்கியது. முடிந்தது. பெரிய கைதட்டல் எழுந்தது. சித்தீக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப தேவலையா தம்பி? ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

ஈசாவின் நடுக்கம் சட்டென்று நின்றது. தலையைக் குனிந்தபடி தன் பையைத் திறந்து, தடிமனான ஸ்வெட்டர் ஒன்றை வெளியே எடுத்தான்.

"மன்னிச்சிருங்க காக்கா, உங்க சகல சொல்லித்தான் நடிச்சேன், இதுக்கு மேல நடிச்சா அல்லாஹ்வுக்கே அடுக்காது. நீங்க சத்தம் போட்டா புள்ள விழுந்துருதாம், அதைச் சொன்னா உங்க மனசு நோகுமாம்; அபுதாபியில உங்களைப் புடிச்சு வைக்க ஆளே இல்லைன்னுதான் உங்க வீட்டுல தோஹாவுக்கே வந்தாங்களாம்!"