இரண்டு இழவுக்கு ஒரு தலைவர்

"தலைவரே, நாளைக்கு உங்களை ரெண்டா அறுத்து அனுப்பணுமா?" என்று கேட்டாள் அஃப்ரியே.

அவள் கணவர் யாவ் அட்டகோரா, தம் சிமெண்ட் கடைச் சுவரை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு இரங்கல் சுவரொட்டிகள் பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தன. ஒன்றில் ஓய்வுபெற்ற மாவட்ட அதிகாரி இறந்திருந்தார். மற்றதில் ஒரு லாரி டிரைவர். இரண்டிலும் கீழ்மூலையில் 'சடங்குத் தலைவர்: யாவ் அட்டகோரா' என்று இவர் படம். பழைய படம்; தலையில் முடியெல்லாம் இருந்தது. இரண்டு சடங்கும் சனிக்கிழமை காலை.

எங்கள் ஊரில் யார் செத்தாலும் சடங்குக்குத் தலைமை தாங்க ஒருவர் வேண்டும். அட்டகோரா வணிகர் சங்கத் தலைவர், பள்ளிக்கூடக் குழுத் தலைவர், சாக்கடைக் குழுத் தலைவர் (சாக்கடை இன்னும் வரவில்லை). யார் வந்து கேட்டாலும் அவருக்கு மறுக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது, ஆனால் என்னை யாரும் கேட்டதில்லை.

இந்த முறை விஷயம் பெரிது. ஊர்ப் பட்டங்களைக் கொடுக்கும் எங்கள் ராணித்தாய், ஊர் வளர்ச்சித் தலைவர் பட்டத்துக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டம் கிடைத்தால் வெறும் அட்டகோரா, பட்டக்காரர்களுக்கே உரிய 'நானா' என்ற அடைமொழியோடு 'நானா அட்டகோரா' ஆகிவிடுவார். தலைக்கு மேல் குடை பிடிப்பார்கள். அதிகாரி வீட்டுச் சாவுக்கு ராணித்தாய் கட்டாயம் வருவார். அங்கே தலைமை நாற்காலியில் இவர் இல்லாவிட்டால், பட்டத்துக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கும் பேக்கரி பொன்சு உட்கார்ந்துவிடுவார்.

"லாரிக்காரர் வீட்டுல வேற நாள் வைக்கச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார்.

லாரிக்காரரின் மனைவி செர்வா சந்தையில் மீனைப் புகையில் வாட்டி விற்பவள். இவரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"வாங்க நானா."

அட்டகோராவுக்குக் காது குளிர்ந்தது. சொல்ல வந்தது பாதி மறந்துபோயிற்று.

"நாளைக்கு விஷயமா வந்தேன் செர்வா..."

"தெரியும் நானா. பந்தல் பத்தலைன்னு யாரோ உங்க காதுல போட்டுட்டாங்க. அதுக்குப் போய் நீங்க நடந்து வரணுமா?"

"பந்தலா?"

"வாழ்நாள் பூரா உங்க சிமெண்டைத்தான் ஏத்தினார். 'என் சாவுக்கு அட்டகோரா வந்து உக்காந்தாப் போதும்'னு சொல்லிட்டே இருப்பார். சுத்துப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் வருது, உங்களைப் பார்க்க."

நாளைத் தள்ளிவைக்கப் போனவர், பந்தலும் நாற்காலியும் தன் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டு, ஒரு பொட்டலம் மீனோடு திரும்பினார்.

அஃப்ரியே பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தாள். "மீன் நல்லாருக்கு. நாள் என்னாச்சு?"

"அங்க தொடங்கி வச்சிட்டு, நைசா அதிகாரி வீட்டுக்குப் போயிடறேன்."

"நன்றியுரை முடியற வரைக்கும் தலைவர் எந்திரிக்கக் கூடாது. நாற்காலி காலியாக் கிடந்தா செத்தவருக்கு அவமானம். இது உங்களுக்கே தெரியாதா, இல்ல செத்தவர் வந்து சொல்லணுமா?"

அட்டகோராவின் பார்வை வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் தாவியாவின்மேல் விழுந்தது. அதே உயரம். தொப்பையும் அதே அளவு. வெகுகாலமாக இரண்டு பேரும் ஒரே கடையில் ஃபுஃபு களி சாப்பிட்டு வளர்த்தது.

"தாவியா, நாளைக்குக் கொஞ்ச நேரம் நீ நான்."

"முதலாளி, யாராவது பேசச் சொன்னா?"

"தொண்டையைத் தொட்டுக் காட்டு. கட்டிக்கிச்சுன்னு நினைச்சுப்பாங்க."

"அழுகை வந்தா?"

"தலைவருங்க அழமாட்டாங்க."

சனிக்கிழமை காலை அட்டகோரா செர்வா வீட்டில் தலைமையை ஏற்று நாலு வார்த்தை பேசினார். மேளம் முழங்கியதும் பந்தலுக்குப் பின்னால் போனார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தது தாவியா. எங்கள் ஊர்ச் சாவுகளில் எல்லா ஆண்களும் கறுப்புத் துணி போர்த்திக் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார்கள். சொந்த மனைவியே தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெளியூர்ச் சனத்துக்கோ சுவரொட்டிப் படம்தான் தெரியும். அந்தப் படம் அட்டகோராவைவிடத் தாவியாவைப் போலத்தான் இருந்தது.

அதிகாரி வீட்டில் அட்டகோரா மூச்சிரைக்க வந்து தலைமை ஏற்றார். ராணித்தாயின் ஆசனம் காலியாக இருந்தது. அவர் வரும்வரை பேசலாம் என்று பேசினார். வரவில்லை. இறந்தவரின் குழந்தைப் பருவத்திலிருந்து மறுபடி தொடங்கினார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. சமையல்காரர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பொன்சு அருகில் வந்து குனிந்தார். "யாரைத் தேடறீங்க தலைவரே? ராணித்தாய் லாரிக்காரர் வீட்டுக்கில்ல போயிட்டாங்க. செர்வாகிட்டதான அவங்க மீன் வாங்கறது. நீங்க போறதுன்னாப் போங்க. இந்த நாற்காலியை நான் சூடு ஆறாமப் பார்த்துக்கறேன்."

இவர் எழுந்ததும் அவர் உட்கார்ந்ததும் ஒரே அசைவில் நடந்தது.

அட்டகோரா தாமே வண்டியை ஓட்டிக்கொண்டு செர்வா வீட்டுக்குப் பறந்தார். பந்தலுக்குப் பின்பக்கம் பெண்கள் அண்டாக்களை வைத்து அடைத்திருந்தார்கள். முன்பக்கமாகத்தான் போக வேண்டும். முன்பக்கமாக வருகிறவர் வரிசையில் நின்று, உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் கைகொடுத்துத் துக்கம் கேட்டுக்கொண்டே போக வேண்டும். அதில் யாருக்கும் விலக்கு கிடையாது. அட்டகோரா வரிசையில் நின்றார். கிழவர்களுக்கு, பாதிரியாருக்கு, பாடகர் குழுவுக்குக் கைகொடுத்தார். கடைசியில் தலைவர் நாற்காலிக்கு வந்து, தமக்கே கைகொடுத்துத் துக்கம் விசாரித்தார்.

"எந்திரிடா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே தாவியாவின் கன்னம் நனைந்திருந்தது. "நன்றியுரை ஆகலையே முதலாளி."

"நகருங்கய்யா, வரிசை நிக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அடுத்த ஆசனத்தில் ராணித்தாய். இவர் கையைப் பிடித்தபடி முகத்தையே பார்த்தார்.

"நீங்க?"

தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இன்னொரு தலைவர் எப்படி முளைக்க முடியும்? அட்டகோராவின் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"தலைவரோட டிரைவருங்க."

"அப்படியா" என்றார் ராணித்தாய். "அப்ப அந்த வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. பெட்டி வர வழியை மறிக்குது."

அட்டகோரா வண்டியைத் தள்ளி நிறுத்தினார். பொழுது சாயும் வரை ஸ்டியரிங்குக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு பெண் இரக்கப்பட்டு, "டிரைவரண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று ஒரு தட்டு சோறு கொண்டுவந்து கொடுத்தாள். அதிகாரி வீட்டில் ஆறிய சோறு இங்கே சூடாக இருந்தது.

திரும்பும்போது தாவியா ஓட்டினான். அட்டகோரா கத்தத்தான் நினைத்திருந்தார்.

"அழாதன்னு சொன்னேன்ல?"

"அவர்தான் எனக்கு லாரி ஓட்டக் கத்துக்கொடுத்தார் முதலாளி. லீவு கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்களே அனுப்பிட்டீங்க."

அட்டகோரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து ராணித்தாயின் கோல்காரர் வந்தார். ராணித்தாய் சொல்வதை ஊருக்குச் சொல்பவர் அவர்தான். அஃப்ரியே தண்ணீர் கொடுத்து, வந்த காரியத்தை முறைப்படி கேட்டாள். அட்டகோரா திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"நேத்து அந்தத் தலைவர் நாற்காலியை ராணித்தாய் ரொம்ப நேரம் பார்த்துட்டிருந்தாங்க" என்றார் கோல்காரர். "போனைத் தொடலையாம். கொட்டாவி விடலையாம். ஒரு லாரிக்காரருக்காக மனசு விட்டு அழுதாராம். இந்த ஊருக்கு அப்படி ஒரு ஆள்தான் வேணும்னாங்க. வளர்ச்சித் தலைவர் பட்டம் உங்களுக்குத்தான்."

அட்டகோராவுக்குத் தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது. அஃப்ரியே வாயில் மேல்துணியைத் திணித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"முடிசூட்டு அன்னைக்குக் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஊர் முன்னாடி உக்காரணும். தெரியுமில்ல?"

"உக்காந்துடறேங்க."

கோல்காரர் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"பட்டம் உங்களுக்குத்தான். ஆனா உக்கார்றதுக்கு மட்டும், நேத்து அனுப்பின ஆளையே அனுப்பச் சொன்னாங்க."