பதினான்கு பேருக்கு ஒரே பெயர்

மலாக்கா மாநிலத்திலேயே அதிக தடவை எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டவர் எங்கள் போராங் அண்ணன்தான். இரண்டே வருடத்தில் பதினான்கு தடவை. அந்தப் பதினான்கில் ஒருமுறைகூட அவர் கையில் ஊசி ஏறியதில்லை. ஊசி என்றால் அவருக்கு அவ்வளவு பயம்.

பெம்பான் ஊர்க் கடைவரிசையின் அஞ்சடி நடைபாதையில், போட்டோ கடைக்கு வெளியே அவர் ஆபீஸ். ஒரு மடக்கு மேசை, ஒரு தட்டச்சு, கைநாட்டுக்கு ஒரு மைப்பெட்டி. போராங் என்றால் மலாயில் விண்ணப்பப் பாரம். சிவப்பு ஐசி அடையாள அட்டையைக் குடியுரிமைக்கான நீலமாக்க, லைசென்ஸ் எடுக்க, பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் வாங்க, சுற்றுத் தோட்டத்து ஜனங்கள் எல்லாம் அவரிடம்தான் வருவார்கள். கட்டை மனிதர். எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார், இடுப்பில் கைலி.

"மேசைக்கு மேலதான்லா கவர்மெண்டு. கீழ நம்ம வீடு" என்பார்.

நான் அப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் முடித்துவிட்டு, உலகத்தைத் திருத்தக் கிளம்பியிருந்த இளைஞர் மன்றச் செயலாளர். பசை வாளியோடு தோட்டம் தோட்டமாகப் போய், 'இன்றே பரிசோதியுங்கள்' என்று மண்டையோட்டுப் படம் போட்ட போஸ்டர் ஒட்டினேன். ஓர் ஈ காக்கைகூடப் பரிசோதனைக்குப் போகவில்லை. அண்ணன் போஸ்டரை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"தம்பி, ஒரு வரி விட்டுட்டியே. 'வரும்போது பேரு, ஐசி, வீட்டு அட்ரஸ் கொண்டு வரவும். அப்புறம் நாங்க வேன்ல வருவோம்'னு போடு. மண்டையோடு எதுக்குன்னு அப்பதான் வெளங்கும்."

உண்மைதான். சோதனை ஆஸ்பத்திரியில் மட்டும். பெயரில்லாமல் ரத்தம் எடுக்கமாட்டார்கள். நோய் இருந்தால் பெயர் சுகாதார ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து சீருடை போட்டவர்கள் தோட்டத்து லயன் வீடுகளுக்கே வந்து, வாசலில் நின்று விசாரிப்பார்கள். முந்தின வருடம் ஒரு தோட்டத்துக்கு வேன் வந்துபோன மறுவாரம், அந்த வீட்டுப் பையன் ஊரைவிட்டே ஓடினான். அதற்குப் பிறகு எவன் போவான்? போதை ஊசி போட்டுக்கொள்கிற பையன்களுக்கோ போலீஸ் பயம் வேறு.

அண்ணன் கடிதம் எழுதினார். முடிதிருத்தும் கடைக்குப் பின்னால் ஓர் அறை தருகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நர்ஸ் மிஸ்ஸியைச் சாதாரண உடுப்பில் அனுப்புங்கள். பெயருக்குப் பதில் ஒரு நம்பர் போதும். ஆள்களைக் கூட்டிவருவது எங்கள் பொறுப்பு. ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது: பொதுமக்கள் ரத்தம் எடுக்க அனுமதி இல்லை. மேலும், நம்பருக்கு முகவரி எது?

"நான் எடுக்கறேன்னு எவன்டா சொன்னான்?" அஞ்சடி அதிரக் கத்தினார். "ரத்தத்தப் பாத்தாலே விழுந்துடுவேன். மிஸ்ஸிய அனுப்புன்னுதானே கேட்டேன்!"

ஒன்பது கடிதங்கள் எழுதினார். ஒன்பதாவதற்குப் பதில், 'பரிசீலனையில் உள்ளது'. அன்றைக்குத்தான், அவர்களுக்கு வேண்டியது ஒரு பெயர், அவ்வளவுதானே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பிறகு நடந்ததை நான் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். பல்வலிக்காகப் பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போயிருந்தேன். மிஸ்ஸி வெளியே வந்து அண்ணனின் முழுப்பெயரைக் கூப்பிட்டாள். இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவர் அண்ணன். இன்னொருவன் ஆறடி உயர லோரி டிரைவர்.

"பழக்கதோஷம் மிஸ்ஸி" என்று அண்ணன் உட்கார்ந்தார்.

மிஸ்ஸி டிரைவரை அண்ணாந்து பார்த்தாள். "போன மாசம் கட்டையா இருந்தீங்களே?"

அவன் வாசல் பக்கம் ஓர் அடி வைத்தான். அண்ணன்தான் பதில் சொன்னார்: "வளர்ற பையன் மிஸ்ஸி."

அவள் சீட்டில் 'வந்தார்' என்று குறித்துக்கொண்டாள். "உள்ள வாங்க, வளர்ற பையா."

பதிவு செய்கிற இடத்தில் ஐசியை நீட்டுவது அண்ணன். உள்ளே கையை நீட்டுவது வேறு ஆள். முடிவை அண்ணன் வாங்கிப்போய்க் காதோடு சொல்லிவிடுவார். பெண்களுக்கு மட்டும் இந்த வழியும் இல்லை. தோட்டத்து அக்காள் ஒருத்தி வந்து, "எனக்கு யாரு பேருண்ணே?" என்று கேட்டபோது, தட்டச்சுக்கு எண்ணெய் போட ஆரம்பித்தார்.

டிரைவர்தான் பதினான்காவது ஆள். அவன் ரத்தத்தில் நோய் இருந்தது. ஆகவே வேன் அண்ணனைத் தேடி வந்தது. சீருடையில் இரண்டு பேர் இறங்கி, டீ விற்கிற ஒட்டுக்கடையில் நின்று, முழுப்பெயரைச் சொல்லி சத்தமாக வழி கேட்டார்கள். அரைமணி நேரத்தில் பெம்பானுக்கே தெரிந்துவிட்டது.

இறங்கியவர்களில் சுகாதார இன்ஸ்பெக்டர் நம் தமிழ் ஆள்தான். மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். "அண்ணே, இது உங்க ரத்தம்தானா?"

"என் பேருதானே போட்டிருக்கு?"

"பேரு சரி. ரத்தம்?"

"அதுவும் என் பேர்லதான் இருக்கு."

"யார் யாரோட பழக்கம்? பேரச் சொல்லுங்க."

"என்கிட்ட இருக்கறது ஒரே பேரு தம்பி. அதையும் குடுத்துட்டேன்."

வேன் போனதும் நான் குதித்தேன். "உங்களுது இல்லன்னு சொல்லுங்கண்ணே!"

"சொன்னா? யாரோடதுன்னு அடுத்த கேள்வி வரும்லா."

மறுநாளிலிருந்து ஒட்டுக்கடையில் அவருக்குத் தனி பிளாஸ்டிக் கப். போராங் எழுத வந்தவர்கள் சொந்தப் பேனாவோடு வந்தார்கள். கைநாட்டு வைப்பவர்கள் அவருடைய மைப்பெட்டியைத் தொடமாட்டோம் என்றார்கள். ஒரு கிழவர் வீட்டிலிருந்து கரியைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "பாத்தியா, எல்லாரும் பேனா வச்சிருக்காங்க. ஊரு படிச்சிருச்சு" என்று அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோதனை செய் என்று போஸ்டர் அடிப்பதும் சுகாதார ஆபீஸ்காரர்கள்தான்; செய்துகொள்ள வருபவனை ஊர் நடுவில் நிறுத்துவதும் அவர்கள்தான். மிச்சமிருந்த போஸ்டர்களைக் கிழித்து, பசை வாளியையும் குப்பையில் போட்டேன்.

நான்கு மாதம் அந்தக் கப்பில் குடித்தார். ஒருநாள் காலை, எதிர்க்கடை நிழலில் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்த டிரைவர் ரோட்டைக் கடந்து வந்தான்.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்கு ஒரு போராங்."

அண்ணன் தாளைச் செருகினார். "என்ன பேரு?"

அவன் தன் பெயரைச் சொன்னான். ஒட்டுக்கடையே திரும்பிப் பார்த்தது. அண்ணனின் விரல்கள் தட்டச்சின் மேல் அப்படியே நின்றன. "நல்லா யோசிச்சியா?"

"பொண்டாட்டிக்கும் பாக்கணும்ண்ணே. அதுக்கு உங்க பேரு ஒத்துவராது."

கையெழுத்துப் போட அவன் சட்டைப்பையில் பேனா இருந்தது. அதை விட்டுவிட்டு அண்ணனின் பேனாவைக் கேட்டு வாங்கினான்.

அவன் மனைவிக்கு நோய் இல்லை. விதி அப்படியேதான் இருக்கிறது. பத்தாவது கடிதமும் பரிசீலனையில் இருக்கிறது. அரசாங்கக் கோப்பில் அந்த நோய் இன்னும் அண்ணனுக்குத்தான். நிஜத்தில் அவருக்கு இருப்பது இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி மட்டும். கோப்பைத் திருத்த ஒரு போராங் இருக்கிறதாம். வாழ்க்கையில் அவர் நிரப்ப மறுத்த ஒரே போராங் அது. நிரப்பினால் மற்ற பதின்மூன்று பேரும் யார் என்று கேட்பார்கள்.

அவருடைய பெயரை நான் இதில் எங்கும் எழுதவில்லை. பதினான்கு பேரைச் சுமந்த பெயர். கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்.