ஆலமேட்டுக்கு வந்த மெட்ரோ

பஸ் மறுபடியும் நின்றுவிட்டது. இந்த முறை செங்கல் சூளைக்கு எதிரில்.

"இங்க இன்னாத்துக்கு நிறுத்தறீங்க? இது ஸ்டாப்பே இல்லியே!" என்று பின்படியிலிருந்து கத்தினான் செந்தமிழன்.

"ஒரு பொம்பள கைய காட்டுது. நிறுத்தாம மோதச் சொல்றியா?" என்றார் கண்டக்டர் அப்ரோஸ்.

ஏறியவளுக்குச் சோத்து டப்பாவை மறந்துவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இறங்கி ஓடினாள். பஸ் காத்திருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்தார்.

"மெட்ரோல இப்டி ஒருத்தி எறங்கி ஓடினா, கதவ மூடிக்கினு போய்க்கினே இருக்கும் பாய்" என்றான் செந்தமிழன்.

"இதுக்குக் கதவே இல்லியே நைனா" என்றார் அப்ரோஸ்.

செந்தமிழன் மூன்று வருஷம் சென்னையில் மெட்ரோ வேலையில் கம்பி கட்டியவன். வேலை முடிந்ததும் ஊர் திரும்பி, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின ஸ்டாப்பில் இருக்கும் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறான். சென்னையிலிருந்து அவன் கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று இடுப்பு வலி, இன்னொன்று கருத்துகள். இடுப்பு வலிக்காவது தைலம் இருந்தது.

மாநகர பஸ்ஸைப் பற்றிக் கேட்டால், "ஒண்ணுமே வராது. வந்தா மூணா வரும். மொத பஸ்ஸுல மூச்சு முட்டும், மூணாவது பஸ்ஸுல கண்டக்டரு படுத்துக்கினு வருவாரு" என்பான். மெட்ரோவைப் பற்றிக் கேட்க வேண்டியதே இல்லை. "வண்டி தங்கம். ஆனா ஸ்டேஷன வுட்டு வெளிய வந்தா வூட்டுக்குப் போவ ஆட்டோக்காரன் காலுல வுழணும். அத மட்டும் சரி பண்ணிட்டா உலகத்துலயே நம்பளுதுதான்." டீக்கடையில் சொன்னான். மில்லில் சொன்னான். ஒரு சாவு வீட்டில், பாடை கட்டிக்கொண்டிருந்தவர்களிடமும் சொன்னான்.

இப்போது அவனுக்குக் கருத்தோடு கவலையும் சேர்ந்திருந்தது. மனைவி அம்முலு ஷூ கம்பெனியில் சேர்ந்திருந்தாள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். இந்த மாதம் முழுக்க ஒரு நாள்கூட லேட்டாகாமல் வந்தால் பர்மனென்ட் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். பத்து வருஷமாக அடுத்தவர் கழனியில் குனிந்து நாற்று நட்டவள் அம்முலு. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அவள் செய்யும் முதல் வேலை இது.

ராத்திரி அவள் சோறு போடும்போது கேட்டான். "இன்னிக்கும் பஸ்ஸு லேட்டுதானே? வேன் இருந்துச்சா?"

"நாங்க எறங்கி ஒரு வாய் தண்ணி குடிக்கறதுக்குள்ள வந்துச்சு. ஏறிக்கினோம்."

"தெனிக்கும் இதே கதைய சொல்றியே!"

"தெனிக்கும் அப்டிதான்யா வருது. நான் இன்னா பண்ண?"

"அது அதிர்ஷ்டம்மே. அதிர்ஷ்டத்த நம்பி பொழப்பு நடத்த முடியுமா? வேன் டிரைவரு இன்னா உங்க மாமனா, உனக்கோசரம் காத்துக்கினு இருக்க? ஒரு நாளிக்கி முன்னாடி வந்துட்டுப் பூட்டான்னா?"

"அந்தாளு மொகத்தகூட நான் பாத்தது இல்ல. மாஸ்க்க மாட்டிக்கினு ஹாரன் அடிச்சிக்கினே வருவான். நீ கொழம்ப ஊத்திக்க."

செந்தமிழன் ஊற்றிக்கொள்ளவில்லை. யோசித்தான்.

ஆலமேட்டில் அந்த பஸ் இரவு தங்கும். காலையில் கிளம்புமுன் டிரைவர் மூன்று தடவை ஹாரன் அடிப்பார். முதல் ஹாரனுக்குப் பெண்கள் சோறு வடிப்பார்கள். இரண்டாவதுக்கு டப்பா கட்டுவார்கள். மூன்றாவதுக்கு ஓடிவருவார்கள். ஓடிவர முடியாதவர்கள் யாரிடமாவது துண்டைக் கொடுத்தனுப்பி ஜன்னல் வழியாக சீட்டில் போடச் சொல்வார்கள். துண்டு ஏறிவிட்டால் ஆள் ஏறின மாதிரி. ஆள் வரும்வரை பஸ் போகாது.

மறுநாள் காலை செந்தமிழன் சுண்ணாம்பால் தரையில் கோடு போட்டான். "இனிமே மெட்ரோ மாதிரி. எல்லாரும் கோட்டு மேல வரிசையா நிக்கணும். எறங்கறவங்க மொதல்ல எறங்கணும், அப்பால ஏறணும். துண்டு போடக் கூடாது."

"கெளம்பற எடத்துல எவன்டா எறங்குவான்?" என்றாள் எதிர்வீட்டுப் பாஞ்சாலி.

"ஒரு பழக்கத்துக்குச் சொல்றேன்க்கா."

"துண்டு போடறதுக்கு இன்னா கேடு?"

"மெட்ரோல ஜன்னலே தொறக்காது."

"ஜன்னல் தொறக்காத வண்டில மனுஷன் போவானா? வாந்தி வந்தா எங்க எடுப்பான்?"

வரிசையில் யார் முன்னால் என்று சண்டை வந்தது. பாஞ்சாலியின் நாத்தனார் தான் மூத்தவள் என்றாள். பால் கேன்காரர் தன் கேன் விடிவதற்கு முன்பே வந்து நிற்பதாகச் சொன்னார். கேன் வரிசையில் நிற்கலாமா என்று தீர்ப்புச் சொல்ல செந்தமிழனைக் கூப்பிட்டார்கள். மெட்ரோவில் பால் கேன் ஏறி அவன் பார்த்ததில்லை. பஸ் வழக்கத்தைவிடத் தாமதமாகக் கிளம்பியது.

அன்று மாலை அவன் பயந்துகொண்டே வீட்டுக்கு வந்தான்.

"வேன் பூட்ச்சா?"

"இல்ல. வேனும் இன்னிக்கு லேட்டு" என்றாள் அம்முலு.

"பாத்தியா! கம்பெனி வேன்கூட டவுன் பஸ்ஸப் பாத்துக் கெட்டுப் பூட்ச்சு" என்று வருத்தப்பட்டான் செந்தமிழன்.

திங்கட்கிழமை மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, காஞ்சிபுரம் போய் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தான். பஸ் ஹாரனுக்கும் துண்டுக்கும் காத்திராமல் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், கை காட்டுகிற இடத்தில் எல்லாம் நிற்காமல் ஸ்டாப்பில் மட்டும் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தான். ஆலமேட்டிலிருந்து இதுவரை போன மனுக்கள் எதற்கும் பதில் வந்ததில்லை. குடிதண்ணீர்க் குழாய்க்குப் போட்ட மனுவுக்கு வயதாகிவிட்டது. ஆகவே அவனும் பெரிய நம்பிக்கையோடு கொடுக்கவில்லை.

அந்த வாரமே உத்தரவு வந்துவிட்டது.

"நைனா, உன் மெட்ரோ வந்துடுச்சு" என்றார் அப்ரோஸ். இரவு பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். "டிப்போல கூப்ட்டு சொல்லிட்டாங்க. நாளையிலேர்ந்து ஹாரனும் கெடையாது, காத்துக்கினு நிக்கறதும் கெடையாது. நடுவுல எவன் கைய காட்டினாலும் வண்டி நிக்காது. உனக்கு சந்தோசமா?"

"எனக்கு மட்டுமா பாய்? இது எல்லாருக்கும் நல்லது."

"அது நாளிக்கித் தெரியும்."

மறுநாள் அம்முலுவுக்கு அந்த மாதத்தின் கடைசி நாள். இருட்டோடு எழுந்து இருவரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் நேரத்துக்குக் கிளம்பியது. பாஞ்சாலி சோறு வடிக்கிற பானையோடு வாசலுக்கு வந்து, பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்து, செந்தமிழனின் மூன்று தலைமுறையையும் விசாரித்தாள்.

அவன் காதில் வாங்கவில்லை. பின்படியில் நின்றுகொண்டான். காற்று முகத்தில் அடித்தது. பஸ்ஸுக்கு இவ்வளவு வேகம் உண்டு என்பது டிரைவருக்கே அன்றுதான் தெரிந்திருக்கும். செங்கல் சூளையில் ஒரு கை எழுந்தது, இறங்கியது. பம்ப்செட் கொட்டகையில் இரண்டு கைகள். அடுத்த ஊர் ஏரிக்கரை முழுக்கக் கைகள். ஒவ்வொரு கைக்கும் செந்தமிழன் படியிலிருந்து குனிந்து பொறுமையாகப் பாடம் சொன்னான்.

"ஸ்டாப்புல வந்து ஏறு! ஸ்டாப்புல வந்து ஏறு!"

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது டீக்கடையில் பால்கூடப் பொங்கவில்லை. வேறு ஊர்களிலிருந்து வந்த கம்பெனிப் பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். செந்தமிழன் மில்லுக்குப் போகாமல் நின்றான். அம்முலு வேன் ஏறுவதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

"பாத்தியாமே? இதான் டைமு. இனிமே வேன் நமக்குக் காத்திருக்க வேணாம், நாம வேனுக்குக் காத்திருப்போம்."

"சரி" என்றாள் அம்முலு.

காத்திருந்தார்கள். பால் பொங்கி, டீ ஆறி, கடையில் வடை போட ஆரம்பித்தார்கள். வேன் வரவில்லை. அம்முலு டப்பாப் பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். ஒருத்திக்கு சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. பேசிவிட்டு, "மிஷின் லைன ஓட்ட ஆரம்பிக்கப் போறாங்களாம். இதுக்கு மேல வந்தா எல்லாருக்கும் லேட்டுதானாம்" என்றாள்.

செந்தமிழன் ஓடிப்போய் அந்த வழியாகப் போகும் வெளியூர் பஸ் ஒன்றை மறித்தான். "அண்ணே, ஷூ கம்பெனி கேட்டாண்ட ஒரே ஒரு ஆள எறக்கி வுடணும்."

"அங்க ஸ்டாப்பு கெடையாதுப்பா" என்றார் அந்தக் கண்டக்டர்.

"கொஞ்சம் நிறுத்தினா இன்னாண்ணே? ஒரு பொம்பள பொழப்பு!"

"ஒவ்வொருத்தனுக்கும் நிறுத்தினா நான் எப்ப ஊரு போய்ச் சேர்றது? படிய வுட்டு எறங்கு."

அவன் இறங்கினான். திரும்பி வந்து அம்முலுவின் பக்கத்தில் நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"லேட்டாயிடுச்சுய்யா" என்றாள் அவள், மெதுவாக.

வெயில் ஏறிய பிறகு, ஹாரன் அடித்துக்கொண்டே வேன் வந்தது. பெண்கள் எல்லோரும் சேர்ந்து டிரைவரைப் பிடித்துக்கொண்டார்கள். செந்தமிழன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனான். மூன்று வருஷத்துக் கருத்து முழுவதும் அவன் தொண்டைக்கு வந்திருந்தது.

"ஏன்யா, டைமுன்னு ஒண்ணு கீதே, தெரியுமா உனக்கு? இத்தினி நாளா கரெக்டா வந்தவன், இன்னிக்கு இன்னா கேடு வந்துச்சு?"

டிரைவர் இறங்கினான். முழங்கால் வரை புழுதி. மாஸ்க்கைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். செந்தமிழனை ஏற இறங்கப் பார்த்தான்.

"தெனிக்கும் உங்க பஸ்ஸுலதான் ஏரிக்கரைல ஏறி, பெட்ரோல் பங்க்குல எறங்கி, அங்க நிறுத்தி வெச்சிருக்கற வேன எடுத்துக்கினு வருவேன், இன்னிக்கு நீதானய்யா படில தொங்கிக்கினு ‘ஸ்டாப்புல வந்து ஏறு’ன்னு சொல்லிட்டுப் போன!"