வாசல் கதவில் ஒரு சிரித்த முகம்

இந்த முறை சொட்டு நேராக ஸ்டாமெனின் மூக்கில் விழுந்தது.

"சிரிங்க," என்றாள் மனைவி ரூமியானா, போர்வைக்குள்ளிருந்து. "கிளாஸ்ல அதைத்தானே சொல்லிக் குடுத்தாங்க?"

ஸ்டாமென் சிரித்தார். பிளெவென் நகரத்து அடுக்குமாடியில் உச்சி வீடு அவருடையது. கூரை ஒழுகுகிறது, லிஃப்ட் முனகுகிறது, எவன் வீட்டு நாயோ குரைக்கிறது என்று வருஷக்கணக்காகப் படிக்கட்டில் நின்று கத்திப் பார்த்துவிட்டார். கீழ்வீட்டுக்காரர்கள் அசையவில்லை. மழை அவர்கள் கட்டிலிலா பெய்கிறது?

கூரையைத்தான் பழுதுபார்க்க முடியவில்லை, எண்ணங்களையாவது பார்ப்போம் என்று நேர்மறைச் சிந்தனை வகுப்பில் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"மாத்த முடியாத தொல்லையா? கண்ணை மூடுங்க. தீந்துபோச்சுன்னு நெனைங்க," என்றார் சோபியாவிலிருந்து பயிற்சி தர வந்திருந்த அம்மா.

ஸ்டாமென் நினைத்தார். கூரை நினைக்கவில்லை.

அடுத்த பாடம், சிரித்த முகமாக ஒரு படம். கீழே தன்னைப் பற்றித் தானே, யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல், நல்லதாக நாலு வார்த்தை. எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும்.

பிரிண்டரில் கலர் மை இல்லை. கறுப்பு வெள்ளையில்தான் வந்தது: 'ஸ்டாமென் எல்லாக் கவலைகளிலிருந்தும் விடுபட்டார். இனி யாரிடமும் குறை சொல்லமாட்டார். அனைவருக்கும் நன்றி.' தெருவாசல் கதவில் ஒட்டிவிட்டு, விசிலடித்தபடி மாடியேறினார்.

பல்கேரியாவில் வாசல் கதவில் கறுப்பு வெள்ளையாகச் சிரிப்பவர்கள் செத்தவர்கள் மட்டும்தான். அது ஸ்டாமெனுக்கும் தெரியும். ஆனால் நல்லெண்ணம் தலைக்கேறிய மனிதனுக்கு வேறு எதுவும் தலையில் ஏறுவதில்லை.

அவர் குளித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. வெங்காயம் நறுக்கிய கண்ணோடு ரூமியானா கதவைத் திறந்தாள். கீழ்வீட்டு டாக்சிக்காரர் கென்கோ, சாவு வீட்டுக்கென்றே இரட்டைப்படையில் எண்ணிக் கட்டிய பூங்கொத்தோடு நின்றார்.

"நல்ல மனுஷன்க்கா. அடக்கம் எங்க?"

ரூமியானாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கென்கோ கூரையைப் பார்த்தார்.

"நாப்பதாம் நாள் பூசைக்குள்ள இதைச் சரிபண்ணிடறோம். பாதிரியார் தலையில சொட்டினா நமக்குத்தான் கேவலம்."

"அடக்கம் அவங்க ஊர்ல," என்றாள் ரூமியானா உடனே.

குளியலறைக் கதவிடுக்கில் ஈரத்தலை ஒன்று பளபளத்தது. "நான் உயிரோட இருக்கேன்டி!" என்றது, கென்கோ போன பிறகு.

"கூரை முடியற வரைக்கும் வேண்டாம்," என்றாள் அவள். "அப்புறம் இருந்துக்குங்க."

இறந்திருப்பது சுலபம் என்று நினைத்தார் ஸ்டாமென். மேலே சுத்தியல் இடித்து டிவி ஆண்டெனா முறிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். தார் வழிந்து பால்கனித் தக்காளிச் செடிகள் கருகின. தலையணையைக் கடித்தார். அவர் ஆத்மா சாந்தியடைய அண்டை வீட்டார் கொண்டுவந்த இனிப்புக் கோதுமையைத் தின்றார். சர்க்கரை அதிகம். யாரிடம் போய்ச் சொல்வது? ஒருநாள் அடக்க முடியாமல் தும்மினார். கூரையில் சுத்தியல் ஒரு கணம் நின்று, பிறகு முன்னைவிட வேகமாக அடித்தது.

ஒருவழியாகக் கூரை முடிந்தது. மழை பெய்தது. கட்டில் காய்ந்தே கிடந்தது.

ஸ்டாமென் நாலு நாலு படியாகத் தாவிக் கீழே இறங்கினார். வாசல் பெஞ்சில் கென்கோ சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், என் ஆண்டெனாவை உடைச்சது எவன்? தக்காளிக்கு என்ன பதில்? கோதுமைல அவ்வளவு சர்க்கரையா போடுவாங்க?"

கென்கோ மிரளவில்லை. பெருமூச்சுதான் விட்டார். "வந்துட்டீங்களாண்ணே?"

"உனக்கு... நான் சாகலைன்னு தெரியுமா?"

"கட்டடத்துக்கே தெரியும். செத்தவர் தும்முவாரா?"

"தெரிஞ்சுமா கூரை போட்டீங்க?"

கென்கோ தோலைத் துப்பினார்.

"கூரை வேலை நடக்கற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கலையே. அந்தக் கிளாஸ்ல நாங்களும்தான் இருந்தோம்ணே, கடைசி வரிசைல. மாத்த முடியாத தொல்லை தீந்துபோச்சுன்னு நெனைக்கச் சொன்னாங்க. நாங்க நெனைக்க ஆரம்பிச்ச மறுநாளே, நீங்க படத்தோட வந்து ஒட்டினீங்க."