லூர்து ஒப்புக்கொண்ட கொலை

ஒன்பது பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு கொலையைக்கூட ரகசியமாகச் செய்ய முடியாது. பல கொலைகள் செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன். (எல்லாம் காகிதத்தில்தான். பயப்பட வேண்டாம்.)

அப்போது யுத்த காலம். சேலத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் மிக்கேல் ஆத்தூர் பஸ்ஸுக்கு டிரைவர். பெட்ரோல் கிடைக்காததால், பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு உருளையை மாட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். விடியுமுன் வெள்ளையாகப் போகிற மனுசன் மத்தியானம் திரும்பும்போது பல்லைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பாக இருக்கும்.

நானோ மாயாஜாலத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். ஜேடர்பாளையத்துக்குக் கீழே, காவிரிக்கு அடியில் ஒரு ராஜ்யம். மேலே வெள்ளம் ஓடும்; கீழே ஜனங்கள் நனையாமல் சந்தைக்குப் போவார்கள். சென்னைப் பத்திரிகை ஒன்று அதை ஓர் ஆண் பெயரில் போட்டது. இந்த மாகாணத்திலேயே என்னை மிஞ்ச ஆளில்லை என்பது என் அபிப்பிராயம். பத்திரிகைக்காரர் ‘தொடர்ந்து அனுப்பவும்’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரியில் விளைந்த அபிப்பிராயம்.

எழுதியதெல்லாம் அடுப்படியில்தான். மடியில் ஒன்று பால் குடிக்கும். தூளியில் ஒன்றைக் காலால் ஆட்டுவேன். மற்றவை சுற்றி உட்கார்ந்து கதை கேட்கும். எழுத எழுத வாய்விட்டுச் சொல்வேன். “அப்பறம்?” என்று யாரும் கேட்காவிட்டால் அந்தத் தாள் அடுப்புக்குப் போய்விடும். என்னை எழுத்தாளராக்கியது யார் என்று இன்றைக்கு யாராவது கேட்டால், அந்த ஒன்பது வாய்களைத்தான் கைகாட்டுவேன். அதைச் சொல்ல எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

“நீ எழுது புள்ள, வேண்டாங்கல. ஆனா ஊர் வாயில உழுகக் கூடாது. மாயம் மந்திரம்னு எழுதறது நம்ம ஊட்டுக்காரின்னு சாமிக்குத் தெரிஞ்சுது, அன்னிக்கே பேனாவைத் தூக்கிப் பரண்ல போட்டுரோணும்.”

சாமி என்றால் எங்கள் பங்குச் சாமியார். பிரெஞ்சுக்காரர். தமிழை அச்சடித்த புத்தகம் போலப் பேசுவார். பில்லி சூனியம் மகா பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்கு மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வார். நானும் சரியென்று தலையாட்டினேன். ரகசியம் வீட்டுக்குள்ளேயே இருந்தது, லூர்துவுக்கு ஏழு வயதாகும்வரை.

லூர்து என் ஐந்தாவது பிள்ளை. புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் நற்கருணை, வாங்குவதற்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்; செய்த பாவங்களைச் சாமியிடம் வாயால் சொல்ல வேண்டும். அவளுக்கு ஒரே கவலை. தேடித் தேடிப் பார்த்தும் வெல்லம் திருடியதைத் தவிர வேறு பாவம் அகப்படவில்லை. அக்கா ரோசியிடம் போய் அழுதிருக்கிறாள். ரோசி பெரிய மனுஷி போலச் சொன்னாளாம்: “எங்களுக்கு மட்டும் வாராவாரம் புதுசா எங்கடி கெடைக்கும்? அம்மா கதையில இருந்து ரெண்டு எடுத்துக்க.”

(ஆம். பெரியதுகள் நான்கும் இதைத்தான் வெகுநாளாகச் செய்துகொண்டிருந்தன. எனக்கு மட்டும் தெரியாது.)

சனிக்கிழமை சாயங்காலம். கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் (மரக்கூண்டுதான்; நாங்கள் தொட்டி என்போம்) பெண்கள் வரிசையாக முழங்காலில் இருந்தார்கள். சாமிக்குக் காது மந்தம். சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று லூர்துவுக்குச் சொல்லி அனுப்பியதே நான்தான். அவள் தாய் சொல்லைத் தட்டாத பெண்.

“எங்கப்பாவைப் பால்ல வெசம் வெச்சுக் கொன்னுட்டேனுங்க சாமி! தம்பியை ஆடாக்கிக் கொல்லையில கட்டிப்போட்டிருக்கறேனுங்க!”

அந்த வாரம்தான் காவிரி ராஜாவை அவருடைய மகள் கையாலேயே கொன்றிருந்தேன். நல்ல திருப்பம் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டதும் உண்டு.

வெளியே வரிசை எழுந்து எங்கள் வீட்டைப் பார்த்து ஓடி வந்தது. முன்னால் வந்தவள் பக்கத்து வீட்டுச் சூசையம்மா.

“ஏ அந்தோணியம்மா! உன்ற ஊட்டுக்காரரு எங்கடி?”

“தூங்கறாருங்க அக்கா,” என்றேன், பேனாவைக் குழந்தைக்குக் கீழே ஒளித்தபடி.

அன்றைக்கென்று பார்த்து அவர் அலுத்துப்போய்க் குளிக்காமலே படுத்துவிட்டார். சூசையம்மா போர்வையை விலக்கினாள். நெற்றி கறுப்பு. கன்னம் கறுப்பு. உதடும் கறுப்பு.

“வெசம் தலைக்கேறிருச்சே!” என்று ஒரே கூப்பாடு. இரண்டு பேர் மாரில் அடித்துக்கொண்டார்கள். கொல்லைக்கு ஓடிய இன்னொருத்தி அங்கே கட்டியிருந்த எங்கள் ஆட்டைப் பார்த்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, “தாசு, நீயாடா கண்ணு?” என்று கேட்டாள். ஆடு “மே” என்றது. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். (லூர்துவின் தம்பி, நிஜமான தாசு, என் மடியில்தான் பால் குடித்துக்கொண்டிருந்தான்.)

ஒப்பாரியில் விழித்த வீட்டுக்காரர் சடாரென்று எழுந்து உட்கார்ந்தார். வீடே அலறியது. “என்னுங்க, யாரு செத்தது?” என்று பதறிப்போய்க் கேட்டார். அவர் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

அந்த நேரத்தில் வாசலில் வெள்ளை அங்கி தெரிந்தது. வரிசை காலியானதும் சாமியே தேடிக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் லூர்து.

இனி மறைக்க வழியில்லை. “கதைங்க சாமி. நான் எழுதற கதை. புள்ள அதுல இருந்து எடுத்துச் சொல்லிருச்சு,” என்று அழுதேன். சூசையம்மா நம்பவில்லை, முழுக் கதையையும் சொன்னால்தான் ஆயிற்று என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பற்றிச் சாமி வாய் திறக்கக் கூடாது, அவரும் திறக்கவில்லை. ஆனால் மந்திரி கழுதையாகிற இடம் வருவதற்கு முன்னாலேயே அவருக்குச் சிரிப்பில் தாடி குலுங்கியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்போதுதான் என் பெரிய பிள்ளைகள் நான்கும் சுவரோரம் நழுவுவதைப் பார்த்தேன்; அந்தக் கழுதையைச் சாமி ஏதோ ஒரு சனிக்கிழமை ஏற்கெனவே கேட்டிருக்க வேண்டும்.

சூசையம்மா விடவில்லை. “மாயமந்திரம் எழுதறாளுங்களே சாமி, இது பாவமில்லீங்களா?”

நான் பரணைப் பார்த்துக்கொண்டேன். எத்தனை நாள் அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதியது! சாமி ஒரு முறை தலையசைத்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

சாமி பதில் சொல்லுமுன், ஈர முகத்தோடு வீட்டுக்காரர் உள்ளே வந்தார். கிணற்றடியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“ராசாவைக் கொன்னுபோட்டயா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?” என்றார். குரல் உடைந்திருந்தது. “வாழப்பாடியில கரி போட நிறுத்தறப்பெல்லாம் பாசஞ்சருக்கு இந்தக் கதையத்தானே சொல்லிட்டு வாரேன்! ஆத்தூருக்காரன் பாதிப்பேரு கதை கேக்கவே நம்ம வண்டியில ஏறறான். ராசா போயிட்டாருன்னு திங்கக்கெழம அவுங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?”

ஊர் வாயில் விழக்கூடாது என்று எனக்குக் கட்டளை போட்ட மனுசன், சேலத்திலிருந்து ஆத்தூர் வரைக்கும் என் கதையைத் தானே பரப்பிக்கொண்டிருந்தார்.

“எழுதறது யாருன்னு அவுங்களுக்குத் தெரியுமுங்களா?” என்றேன்.

“பின்னே? எம்பொண்டாட்டின்னு சொல்லித்தானே ஆரம்பிக்கறேன்!”

வெட்கத்தில் தரைக்குள் புதைந்துவிடலாம் போலவும் இருந்தது, அந்தக் கரி பஸ்ஸின் மேல் ஏறி நின்று கத்தலாம் போலவும் இருந்தது. சாமி தொண்டையைக் கனைத்தார்.

“அம்மணி, வெல்லம் திருடுகிற பிள்ளைகளுக்கே நான் மூன்று ஜெபம் அபராதம் விதிப்பதுண்டு. உமக்கும் ஒன்று விதிக்கிறேன். அந்த ராஜாவைப் பிழைக்க வையும். அடுத்த வாரத்துக்குள்.”

வைத்தேன். செத்த ராஜா கரி பூசிய முகத்தோடு எழுந்து உட்கார்ந்து, “யாரு செத்தது?” என்று கேட்கிற அத்தியாயத்தைத்தான் வாசகர்கள் என் கதைகளிலேயே சிறந்தது என்கிறார்கள். கதை புத்தகமாக வந்தபோது அட்டையில் ஆண் பெயர் இல்லை. ‘டிரைவர் மிக்கேல் மனைவி அந்தோணியம்மாள்’ என்று போட வைத்தவர் டிரைவர் மிக்கேல்தான்.

பேரன் பேத்திகள் பாவசங்கீர்த்தனத்துக்குக் கிளம்பினால், லூர்து இன்றைக்கும் வாசலில் நின்று மறிக்கிறாள்.

“நில்லு. சொந்தப் பாவமா, அம்மாச்சி எழுதுன பாவமா?”

“அம்மாச்சி எழுதுனதுதான் நல்லாருக்கும்,” என்கின்றன பிள்ளைகள்.