லேர்ஹென் தெருவுக்குப் பண்பாடு வந்த கதை

பெர்லினில் லேர்ஹென் தெருவின் பண்பாட்டைக் கட்டிக்காப்பது என்று நகர நிர்வாகம் திருவுளம் பற்றியது. அதுவரை அந்தத் தெருவுக்குப் பண்பாடு இருப்பதே அங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியாது.

துருக்கியிலிருந்து வந்து அங்கே காய்கறிக் கடை போட்ட நூரெட்டினுக்கு முழங்கால் போய்விட்டது. கடையை மகள் நெஸ்ரினிடம் கொடுத்துவிடலாம் என்று இருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைக்கவென்றே படித்த பெண், பாவம், யாரோ ஒருவன் கடையில் சம்பளத்துக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். காய்கறிக் கடையைக் கண்ணாடிக் கடையாக மாற்ற அனுமதி கேட்டதும் பண்பாட்டு அதிகாரி வீப்கே அம்மையார் நேரிலேயே எழுந்தருளினார்.

"தக்காளிப் பெட்டியெல்லாம் எங்கே?"

"உள்ளே இருக்கும்மா. நடைபாதையில வச்சா அபராதம் போடுவீங்களே."

"அது அப்போ. இப்போ அது பண்பாடு. வெளியே வைக்கலேன்னாத்தான் அபராதம். கூவியும் விக்கணும்."

"தொண்டை கட்டிக்கிச்சும்மா."

"மெதுவா கூவுங்க. ஆனா துருக்கியில கூவுங்க."

"என் கண்ணாடிக் கடை?" என்றாள் நெஸ்ரின்.

"கண்ணாடிக் கடை எங்க தெருவுலயே இருக்கேம்மா. அதைப் பாக்க இங்கே யார் வருவா? சரி, நாங்களா எதையும் திணிக்க மாட்டோம். தெருக்காரங்களே முடிவு பண்ணட்டும்."

அப்படியே தெருவின் கடைக்காரர்களைக் கொண்டு ஒரு குழு அமைந்தது; குறிப்பெழுத வீப்கே அம்மையார். தெருவின் பூர்வகுடி என்ற தகுதியில் நூரெட்டின் அதற்குத் தலைவரானார்.

"இனிமே எல்லாம் நம்ம கையில. கவலைப்படாதே கண்ணு" என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் கூட்டத்தில் உட்கார்ந்தார்.

முதல் விண்ணப்பம், சிரியாவிலிருந்து போன வருடம் வந்த யாமெனுடையது. மூடிக்கிடந்த செருப்புக் கடையில் முடிவெட்டும் கடை வைக்கவேண்டுமாம். நூரெட்டினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேத்து வந்தவனுங்க நம்ம தெருவையே மாத்திப்புடுவானுங்க! எந்தக் கடையும் இருக்கிறபடியேதான் இருக்கணும். எழுதிக்குங்கம்மா!"

போலந்துத் தையல்காரி மேசையைத் தட்டினாள். கிரேக்க ரொட்டிக்கடைக்காரர் எழுந்து நின்றே கைதட்டினார். நாற்பது வருடம் முன்பு இவர்களைப் பார்த்து இதையே சொன்ன ஜெர்மானியர்கள் எல்லோரும் வீட்டை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டிருந்தார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. யாமென் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

நூரெட்டின் மகளைப் பார்த்துக் கண்ணடித்தார். "அடுத்து நம்ம பொண்ணு விஷயம்."

"அதையும் சேர்த்துத்தானே இப்போ முடிச்சு வச்சீங்க" என்றார் வீப்கே அம்மையார். "ரொம்ப நன்றி ஐயா."

நெஸ்ரின் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கேம்மா போறே?"

"யாமெனைப் பிடிக்க. பக்கத்துத் தெருவுல ஒரு கடை காலியா இருக்காம், ஆளுக்குப் பாதியா எடுத்துக்கலாம். அங்கே இன்னும் பண்பாடு வரலையாம்ப்பா."